டீக்கனின் நன்னடத்தைத் தேர்வு

எல்ம்ஸ்டெட் ஊரில் ஜூலை முப்பத்தொன்றாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லோருடைய வாடகை ஒப்பந்தமும் ஒன்றாக முடியும். ஆகஸ்ட் முதல் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லோருடைய புது ஒப்பந்தமும் ஒன்றாகத் தொடங்கும். இடையிலுள்ள ஒரு நாள் முழுக்க ஊரில் பாதிப்பேருக்கு வீடு கிடையாது. வீடுகளுக்கும் ஆள் கிடையாது. வெள்ளையடிக்கிறோம், தரைவிரிப்பைக் கழுவுகிறோம் என்று வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். எந்தச் சுவரிலும் புது வெள்ளையைக் கண்டவர் இல்லை. கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கும் பேராசிரியர்களே வருடா வருடம் அந்த நாளில் தங்கள் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் நடைபாதையில் உட்கார்ந்திருப்பார்கள். இது ஏன் இப்படி என்று அவர்களும் கேட்டதில்லை. கேட்க எழுந்தால் உட்கார்ந்த இடம் போய்விடும்.

அன்றைக்கு அடிதடி சகஜம். தெருவில் போட்ட சோபா பொதுச்சொத்து என்று ஒரு கட்சி, போட்டவன் திரும்பி வரும்வரை அது அவனுடையது என்று இன்னொரு கட்சி. தத்துவம் படிக்கும் மாணவர்கள்தான் அதிகம் அடித்துக்கொள்வார்கள். மருத்துவமனையில் தையல் போட இரண்டு பேரைக் கூடுதலாக வரவழைப்பார்கள். காவல்துறை ஒரு காரை அனுப்பி, அதை நல்ல நிழலாகப் பார்த்து நிறுத்தும்.

வெர்னா ஹாஸ்கெலுக்கு இருபத்திரண்டு வருடமாக இதெல்லாம் மாடியிலிருந்து பார்க்கிற வேடிக்கை. கல்லூரி உணவுக்கூடத்தில் பாத்திரம் கழுவும் வேலை அவளுக்கு. குடியிருந்தது ஒரு பல் மருத்துவரின் கார் கொட்டகைக்கு மேலே இருந்த அறையில். ஈஸ்டருக்கு முந்தின வாரம் பல் மருத்துவர் போய்ச் சேர்ந்தார். மகள் வந்தாள், அறையை அளந்தாள், நாலு கட்டில் போட்டால் நாலு மாணவர்களை அடைக்கலாம் என்று கண்டுகொண்டாள், "ஸாரி வெர்னா" என்றாள். ஐம்பத்தாறு வயதில் வெர்னா முதன்முதலாக ஜூலை முப்பத்தொன்றில் வசமாக மாட்டிக்கொண்டாள். கையில் ஒரு பெட்டி, ஒரு மின்விசிறி, ஒரு நாய்.

நாய்தான் சிக்கல். டீக்கனுக்கு வயது பதின்மூன்று, எடை எண்பத்துநாலு பவுண்டு, எந்த இனம் என்று கேட்டால் கால்நடை மருத்துவரே கையை விரிப்பார். ஒரு பின்னங்கால் சரியில்லை. பிறந்ததிலிருந்து அது யாரையும் கடித்ததில்லை. கடிப்பதற்கென்றே விற்கிற ரப்பர் எலும்பைக்கூட நக்கி நக்கித்தான் தேய்த்தது. ஆனால் ஊரில் "நாய்க்கு அனுமதி உண்டு" என்று எழுதி மாட்டிய வீடுகளெல்லாம் இருபத்தைந்து பவுண்டோடு அன்பை நிறுத்திக்கொண்டன. சர்ச் விடுதியில் வெர்னாவுக்கு ஒரு கட்டில் கிடைக்கும், டீக்கனுக்குக் கிடைக்காது. முதல் தேதி பன்னிரண்டு மணிக்குள் வீடு கிடைக்காவிட்டால் டீக்கன் மாவட்டப் பிராணிக் காப்பகத்துக்குப் போக வேண்டும். அங்கே பத்து வயதுக்கு மேற்பட்ட நாய்களை வைத்துக்கொள்வதில்லை, அன்றைக்கே ஊசி, கதை முடிந்தது.

பெரிய நாய்களை எடுத்துக்கொள்ளும் இடம் ஊரில் ஒன்றே ஒன்று: அன்புப் பாதங்கள் குடியிருப்பு. வாசலில் ஒரு இதயம், இதயத்துக்குள் ஒரு நாய்க்கால் தடம், அதன் கீழே "இங்கே எல்லா உயிரும் உறவு" என்ற வாசகம். இருந்தது ஒரே வீடு, பதினான்காம் எண். வெர்னா டீக்கனை இழுத்துக்கொண்டு, அல்லது டீக்கன் வெர்னாவை இழுத்துக்கொண்டு, ஒரு மணிக்கு ஆபீஸ் வரிசையில் போய் நின்றார்கள்.

மேலாளர் கோல்பி ஸ்ட்ராண்ட் முப்பது வயதுக்காரன். அவனுடைய பதவிப் பெயர் சமூக மகிழ்ச்சி இயக்குநர். வலது புருவத்துக்கு மேல் புதிதாக ஒரு கட்டு இருந்தது. வெர்னா அதைப் பார்ப்பதைக் கவனித்து, தானே விளக்கினான்.

"காலையில ஒருத்தர் காலி பண்ணிட்டுப் போனாரு வெர்னா. போறப்போ இஸ்திரிப் பெட்டியால ஒரு முத்தம் குடுத்துட்டுப் போனாரு. பரவால்ல. இங்க நாங்க வன்முறையைக் கொஞ்சம்கூட அனுமதிக்கறதில்ல. போன வாரம், 'வன்முறை கூடாது'ன்னு நான் ஒட்டுன நோட்டீஸை ஒருத்தன் கிழிச்சான். அவன் கையைக் கதவிடுக்குல வெச்சு கதவைச் சாத்தினேன். மூணு விரல். அதுக்கப்புறம் எவனாவது அந்த நோட்டீஸ் பக்கம் போறான்கறீங்க? அமைதி சும்மா வராதுங்க, உழைக்கணும்."

விண்ணப்பம் பதினோரு பக்கம். பிராணியின் வாழ்க்கைக் குறிப்பு, படத்துடன். பழைய வீட்டுக்காரரின் நற்சான்று. பிராணி இதுவரை கடித்தவர்களின் பெயர், வயது, கடித்த இடம்; இடம் போதாவிட்டால் தனித்தாள் இணைக்கவும். அடுத்த ஐந்தாண்டுகளில் பிராணி எட்ட விரும்பும் நிலை. வெர்னா அந்தக் கட்டத்தில் "உயிரோடு இருப்பது" என்று எழுதினாள்.

"என்னைப் பத்தி ஒண்ணுமே கேக்கலையே தம்பி?"

"மனுசங்களைக் கேக்கறது அநாகரிகம். கடைசிப் பக்கத்துல ஒரு கையெழுத்து மட்டும் போதும்."

அடுத்து எச்சில் மாதிரி. பஞ்சு சுற்றிய குச்சியை டீக்கனின் கன்னத்துக்குள் விட்டு, கிணறு தோண்டுவதுபோல் தோண்டினான் கோல்பி. டீக்கன் வாயைத் திறந்து ஒத்துழைத்தது.

"இத வெச்சு, புல்வெளியில யாரு அசிங்கம் பண்ணினாலும் ஆய்வுக்கூடத்துல கண்டுபிடிச்சிருவோம். போன மாசம் பதினோரு சாம்பிள் அனுப்பினோம். ஒன்பது நாய்."

"மிச்சம் ரெண்டு?"

"அது தனிமனித உரிமை. அதப்பத்தி நாங்க பேசறதில்ல."

இந்த நேரத்தில் வரிசையில் வெர்னாவுக்குப் பின்னால் நின்ற இருவருக்கு, யார் முதலில் வந்தது என்பதில் கருத்து வேறுபாடு. ஒருவன் கையில் முயல் கூண்டு, இன்னொருவன் கையில் ஆமை. முயல்காரன் ஆமைக்காரனின் மூக்கில் விட்டான் ஒரு குத்து. ஆமைக்காரன் ஆமையைப் பத்திரமாக மேசைமேல் வைத்துவிட்டு, முயல்காரனின் தலையைப் பிடித்து அதே மேசையில் மோதினான். பல் ஒன்று உருண்டு வந்து டீக்கனின் முன்னங்காலருகே நின்றது. டீக்கன் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, சாப்பிடும் பொருள் இல்லை என்று தெரிந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கோல்பி ஒரு தடித்த பதிவேட்டைத் திறந்தான். "நேரம் ஒண்ணு இருவது. வன்முறைச் சம்பவம். காயம், ரெண்டு. பிராணியின் பெயர், டீக்கன்."

வெர்னா திடுக்கிட்டாள். "அது என்ன பண்ணுச்சு? சும்மா படுத்திருக்கு."

"வேற யாரு பேர எழுதச் சொல்றீங்க? முயலு கூண்டுல இருக்கு, ஆமை ஓட்டுக்குள்ள இருக்கு. வெளியில இருந்த பிராணி இதுதான்."

"அடிச்சுக்கிட்டது அவனுங்க!"

"மனுசங்க பேர எழுதினா வக்கீல் வெச்சு கேஸ் போடுவாங்க வெர்னா. நாய் போடாது. அதான் சம்பவம் நடந்தப்போ பக்கத்துல எந்தப் பிராணி இருந்துச்சோ அது பேர்ல எழுதறது. இது வெறும் பதிவுதான், மனசுல வெச்சுக்காதீங்க." பதிவேட்டை மூடிவிட்டு இன்னும் கனிவாகச் சொன்னான்: "ஆனா மூணு சம்பவம் சேந்துச்சுன்னா மாவட்ட வண்டிக்குச் சொல்லிடுவோம். ஊசிதான்."

இப்போது வெர்னாவுக்குப் புரிந்தது. டீக்கன் ஒழுங்காக இருந்தால் போதாது. நாளை பகல் பன்னிரண்டு மணிவரை டீக்கனைச் சுற்றியுள்ள மனிதர்களெல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். எல்ம்ஸ்டெட்டில், ஜூலை முப்பத்தொன்றில்.

மூன்று மணிக்கு நன்னடத்தைத் தேர்வு. நடத்தியவர் டாக்டர் மெரிடித் ஓக்ஸ், பிராணிகளின் மனத்தை ஆராய்ந்து பட்டம் வாங்கிய அம்மாள். அவர் கையில் ஒரு நீண்ட கழி, கழி முனையில் தோல் நிறத்தில் ஒரு ரப்பர் கை. விரல்களில் மூன்று ஏற்கெனவே பாதிதான் இருந்தன.

"பயப்படாதீங்க வெர்னா," என்றார் மெரிடித். "நாய் கடிக்குதான்னு பாக்கறது சாதாரண டெஸ்ட். கடிக்கறதுக்கு எல்லா நியாயமும் இருந்தும் ஏன் கடிக்கலைன்னு தோண்டிப் பாக்கறதுதான் நம்ம டெஸ்ட்."

டீக்கனுக்கு ஒரு தட்டில் இறைச்சி வைத்தார்கள். வாய் வைக்கும் நேரத்தில் ரப்பர் கை தட்டை இழுத்தது. டீக்கன் காத்திருந்தது. ரப்பர் கை அதன் மூக்கில் அறைந்தது. டீக்கன் தும்மியது. காதைத் திருகியது, வாலை முறுக்கியது, சரியில்லாத பின்னங்காலைத் தேடிப்பிடித்துக் குத்தியது. வெர்னா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கழியைப் பிடுங்கி மெரிடித்தின் முதுகில் நாலு சாத்து சாத்த அவள் கை பரபரத்தது. அதுவும் டீக்கன் பேரில்தான் எழுதப்படும் என்பது நினைவுக்கு வரவே, கையை அக்குளில் செருகிக்கொண்டாள். டீக்கன் ரப்பர் கையை நக்கியது.

மெரிடித் குறித்துக்கொண்டார்: ஆத்திரத்தை உள்ளே அடக்கி வைக்கிறது. ஆபத்தான அறிகுறி.

"லெஸ்டரை வரச் சொல்லு!"

லெஸ்டர் குடியிருப்பின் பராமரிப்பு ஆள், அறுபதைத் தாண்டியவர். குழாய் ரிப்பேர், மின்விளக்கு ரிப்பேர், இவற்றோடு தேர்வுகளில் "சந்தேகத்துக்கிடமான அந்நியன்" வேடமும் அவருக்குத்தான். ஜூலை வெயிலுக்கு மழைக்கோட்டு, கறுப்புத் தொப்பி, கையில் குடை. ஆரம்பிப்பதற்கு முன் வெர்னாவிடம் வந்து காற்சட்டையை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் காட்டினார்.

"பாரும்மா, இந்தத் தழும்பு லாப்ரடார் நாய். இது கோலி நாய். இது ஒரு கிளி, அதுக்கே ஆறு தையல். ஒரு உபகாரம் பண்ணு. தொடையில வேண்டாம்னு உன் நாய்கிட்ட சொல்லிடு, அங்க இனிமே இடம் இல்ல."

"அது கடிக்காது அண்ணே."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க," என்று பெருமூச்சு விட்டுவிட்டு, குடையைச் சுழற்றியபடி கத்திக்கொண்டு டீக்கன்மேல் பாய்ந்தார் லெஸ்டர்.

டீக்கன் வாலை ஆட்டியது. மறுபடி பாய்ந்தார். குடையால் முதுகில் ஒன்று போட்டார். டீக்கன் அவருடைய செருப்பில் தலை வைத்துப் படுத்தது.

"இன்னும் கோவமா லெஸ்டர்! மனசிலேருந்து வரணும்!" என்றார் மெரிடித்.

ஐந்தாவது முறை பாய்ந்தபோது லெஸ்டருக்கு மூச்சு வாங்கியது. தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்தார்.

"மனசிலேருந்தா? பத்தொம்போது வருசமா கடி வாங்கறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'வலிக்குதா லெஸ்டர்'னு கேட்டிருக்கியா நீ? இந்த நாய்தான்டி முதமுதலா என் கால்ல தலை வெச்சுப் படுத்திருக்கு!"

"வேடத்துலேருந்து வெளிய வராத!" என்று ரப்பர் கையால் அவர் வாயில் ஒன்று வைத்தார் மெரிடித். லெஸ்டரின் முன்பல் இரண்டு கழன்றன. லெஸ்டர் குடையைத் திருப்பிப் பிடித்து வீசினார். குடைக் கம்பி மெரிடித்தின் கன்னத்தில் ஒரு பக்கம் நுழைந்து வாய்க்குள் எட்டிப் பார்த்தது. ரப்பர் கை ஒடிந்து பறந்து வேலியில் தொங்கியது. அந்த நிலையிலும் மெரிடித் விடவில்லை. மிச்சமிருந்த கழியால் லெஸ்டரின் முழங்காலைத் தேடித்தேடி அடித்தார். வெர்னா இருவருக்கும் நடுவில் விழுந்து, "ஐயோ, நாயைக் கூட்டிட்டுப் போயிடறேன், அப்புறம் அடிச்சுக்கோங்க, அப்புறம் அடிச்சுக்கோங்க!" என்று கெஞ்சினாள். அவளுக்கும் தோளில் ஒன்று விழுந்தது.

கோல்பி பதிவேட்டைத் திறந்தான். "நேரம் மூணு அம்பது. சம்பவம் ரெண்டு. பிராணியின் பெயர், டீக்கன்."

மாலை ஆறு மணிக்கு உறவு விருந்து. புதிதாக வருகிற பிராணியைக் குடியிருப்பவர்கள் பார்த்து ஓட்டுப் போட வேண்டும். பெரும்பான்மை கிடைத்தால் மற்றதெல்லாம் மன்னிக்கப்படும் என்று விதி இருந்தது. வெர்னா அதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கினாள். டீக்கனின் தலையை ஈரத்துணியால் துடைத்து, கழுத்தில் தன் நீலக் கைக்குட்டையைக் கட்டினாள். "கெழவா, அழகா இருடா," என்று காதில் சொன்னாள்.

புல்வெளியில் நீள மேசை. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்திருந்தார்கள். உருளைக்கிழங்கு சாலட் மட்டும் எட்டுக் கிண்ணம். அடுப்பில் சாசேஜ் பொரிந்துகொண்டிருந்தது. தலைமை தாங்கியவர் பேராசிரியர் விட்கம்ப். கல்லூரியில் அமைதியியல் துறையை ஆரம்பித்து ஓய்வுபெற்றவர், மடியில் ஒரு பக் நாய். எதிரே சர்ச் பாட்டுக்குழுவை நடத்தும் பெவர்லி, மூன்று பூடில் நாய்களுடன்.

விட்கம்ப் எழுந்தார். "நண்பர்களே, நாப்பது வருஷம் நான் சமாதானம் சொல்லிக்குடுத்திருக்கேன். சமாதானத்துக்கு முதல் விதி என்ன தெரியுமா? நான் பேசறப்போ குறுக்க பேசக்கூடாது."

"உங்க சாலட்டுல முட்டை போட்டிருக்கீங்களா?" என்றாள் பெவர்லி. "ஏன்னா நோட்டீஸ்ல முட்டை வேண்டாம்னு..."

"இரண்டாவது விதி..."

"முட்டை போட்டிருக்கீங்களா இல்லையான்னுதான் கேக்கறேன்."

விட்கம்ப் பக் நாயை மெதுவாகத் தரையில் விட்டுவிட்டு, கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, முட்டை இருக்கிறதா என்று அவளே பார்த்துக்கொள்ளும்படி அவள் முகத்தில் கவிழ்த்து அழுத்தினார். கண்ணாடிக் கிண்ணம். பெவர்லி சாலட்டோடும் ரத்தத்தோடும் எழுந்து, பூடில் சங்கிலியைச் சுருட்டி, கொக்கி இருக்கும் முனையால் வீசினாள். கொக்கி விட்கம்பின் காதைக் கொண்டுபோனது. அதற்காகவே இத்தனை வருடம் காத்திருந்தவர்கள்போல மற்றவர்களும் எழுந்தார்கள். யார் யாருடைய நாய் யார் யாருடைய வாசலில் குரைத்தது, யார் யாருடைய துணியைப் பொது உலர்த்தி இயந்திரத்திலிருந்து ஈரத்தோடு எடுத்துத் தரையில் போட்டார்கள், எல்லாம் வெளியே வந்தன. இடுக்கியால் அடித்தார்கள், கரண்டியால் அடித்தார்கள். அடுப்பைச் சாய்த்தார்கள். ஒருவர் மற்றொருவரின் தலையைப் பிடித்து எலுமிச்சைச் சாற்றுத் தொட்டிக்குள் அமுக்கி, "மன்னிப்புக் கேளு!" என்றார்; சாற்றுக்குள்ளிருந்து எப்படிக் கேட்பது என்று யோசிக்கவில்லை.

நாய்கள் எல்லாம் வேலியோரம் போய் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. வெர்னா டீக்கனை இழுத்துக்கொண்டு வடக்கு மூலைக்கு ஓடினாள். சண்டை வடக்கு மூலைக்கு வந்தது. தெற்கு மூலைக்கு ஓடினாள், அங்கேயும் வந்தது. "கொஞ்சம் தள்ளிப் போய் அடிச்சுக்குங்களேன்! உங்களுக்குப் புண்ணியமாப் போகும், நாய் இருக்கிற இடத்துல வேண்டாம்!" என்று கதறினாள். யார் காதிலும் விழவில்லை. ஒருவருக்குக் காதே இல்லை. டீக்கன் கீழே விழுந்த ஒரு சாசேஜைத் தின்றுவிட்டு, மேசைக்கடியில் படுத்துத் தூங்கிப்போனது.

ஓட்டெடுப்பு நடக்கவில்லை. எண்ணுவதற்குக் கை தூக்கும் நிலையில் யாரும் இல்லை. கோல்பி பதிவேட்டைத் திறந்தபோது வெர்னா அழுதுவிட்டாள்.

அன்றிரவு நடைபாதையில் அவளும் டீக்கனும் யாரோ போட்டுவிட்டுப் போன மெத்தையில் கிடந்தார்கள். மெரிடித்தின் அறிக்கை இன்னும் பாக்கி, அதில் ஏதாவது நல்லதாக இருக்கும் என்று வெர்னா நம்பினாள். காலையில் பதினொன்றரைக்கு ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மெரிடித் கன்னத்தில் பதினெட்டுத் தையலுடன் அறிக்கை எழுதியிருந்தார். பேச முடியாததால் கோல்பி வாசித்தான்.

"மேற்படி நாய் அளவுக்கு மீறி அமைதியாக இருக்கிறது. அது அமைதியாக இருப்பதைப் பார்க்கிறவர்கள் பொறுமை இழக்கிறார்கள். இந்த வளாகத்தில் ஒரே நாளில் மூன்று வன்முறைச் சம்பவங்கள் நடந்துள்ளன. மூன்றிலும் பொதுவாக இருந்தது இந்த நாய் ஒன்றே."

"மூணுலயும் நீங்களும் இருந்தீங்களே தம்பி," என்றாள் வெர்னா.

"நான் எழுதிட்டிருந்தேன்."

"நான் வேற எங்கயாவது போயிடறேன். அந்த விண்ணப்பத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு எங்களை விட்டுடுங்க. இந்த ஊரையே விட்டுப் போயிடறோம்."

"உங்களைப் போக வேண்டாம்னு யாரு சொன்னா? பதினாலாம் நம்பர் உங்களுக்குத்தான். சாவி இதோ இருக்கு. உங்க மேல ஒரு குறையும் இல்ல வெர்னா, நாங்க யாரையும் ஒதுக்கறவங்க இல்ல." சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான். "நாய் மட்டும்தான் வரக்கூடாது."

மாவட்ட வண்டி வாசலில் வந்து நின்றது. இறங்கியவன் அர்லோ, பிராணி பிடிக்கிறவன், நேற்றிலிருந்து தூங்காத முகம். ஒரு கையில் சுருக்குக் கயிறு மாட்டிய கழி, மறு கையில் ஒரு படிவம்.

"எது கடிச்சுது?" என்றான்.

"கடிக்கல," என்றான் கோல்பி. "மூணு சம்பவம்."

அர்லோ டீக்கனைப் பார்த்தான். டீக்கன் அவன் முழங்காலை முகர்ந்தது. அவனுக்கு முகம் வாடியது. "அட, கடிச்சிருந்தா நல்லா இருக்குமே அக்கா," என்று வெர்னாவிடம் தணிந்த குரலில் சொன்னான். "கடிச்சதை உடனே கொல்லக்கூடாதுன்னு சட்டம். வெறிநோய் இருக்கான்னு பத்து நாள் உயிரோட வெச்சுப் பாக்கணும். ரெண்டு வேளை சாப்பாடு, டாக்டர் வந்து பாப்பாரு. கடிக்காத கெழட்டு நாய்னா போன உடனே ஊசி. நான் என்ன பண்ண? எல்லாம் மேலேருந்து போட்ட விதி."

வெர்னாவுக்கு இதை விளங்கிக்கொள்ள நேரம் பிடித்தது. விளங்கியதும் மண்டியிட்டு உட்கார்ந்து டீக்கனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"டேய் கண்ணு. கடிடா. யாரையாவது கடிடா."

டீக்கன் அவள் மூக்கை நக்கியது.

"நக்காத, கடி! உன்ன அடிச்சாங்கல்ல? கால்ல குத்தினாங்கல்ல? கடிடா சனியனே, செத்துப்போயிடுவடா!"

கோல்பி என்ன ஏதென்று உணர்வதற்குள் அவன் கையைப் பிடித்து இழுத்து டீக்கனின் வாய்க்குள் திணித்தாள். டீக்கன் வாயை அகலத் திறந்தது, அந்தக் கைக்கு வலித்துவிடக் கூடாதே என்பதுபோல. கோல்பி கையை உருவிக்கொண்டு, எச்சிலைக் காற்சட்டையில் துடைத்தான். துடைத்தபடியே சிரித்தான். "அதுக்குக் கடிக்கக்கூடத் தெரியல பாருங்க. இப்படி ஒரு ஜென்மம் இருந்து என்ன பிரயோசனம்?"

வெர்னாவுக்குக் கண் இருட்டியது. இருபத்திரண்டு வருடம் பிறர் எச்சில் தட்டைக் கழுவியவள், ஒருவரை ஒரு வார்த்தை கடிந்து பேசாதவள், மேசைமேல் தாவி ஏறி கோல்பியின் இடக்கையை மணிக்கட்டுக்கு மேலே கவ்வினாள். எலும்பு தட்டும்வரை விடவில்லை. அவன் அவள் தலைமுடியைப் பிடித்து மேசையில் இடித்தான். அவள் அப்போதும் விடவில்லை. மெரிடித் வந்து விலக்கப் பார்த்து, தையல் பிரிந்து, ரத்தம் பதிவேட்டில் கொட்டியது. கடைசியில் அர்லோதான் கழியை நீட்டிச் சுருக்கை வெர்னாவின் கழுத்தில் போட்டு இழுக்க வேண்டி வந்தது.

"இது கடி," என்றான் அர்லோ, கோல்பியின் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து. படிவத்தை எடுத்து வாசித்தான். "'கடித்தது எதுவோ அதைப் பிடித்துவரவும்.' அவ்ளோதான் போட்டிருக்கு. நாய்னு போடல. வாங்க அக்கா."

வெர்னாவுக்கு வாயெல்லாம் ரத்தம். அர்லோ அவளை வண்டியின் பின்பக்கம் ஏற்றி, கூண்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

"அப்ப இந்த நாய்?" என்று கத்தினான் கோல்பி.

"இந்த நடைக்குப் படிவத்துல ஒண்ணுன்னுதான் போட்டிருக்கு. அரை மணியில வந்து எடுத்துக்கறேன், புடிச்சு வைங்க."

கோல்பி நல்ல கையால் டீக்கனின் கழுத்துப் பட்டையைப் பிடித்தான். டீக்கன் மூடிய கூண்டுக் கதவைப் பார்த்தது. கம்பிக்குப் பின்னால் வெர்னாவைப் பார்த்தது. வண்டியை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தது. கோல்பி பட்டையை முறுக்கிப் பின்னால் இழுத்தான். டீக்கன் இன்னொரு அடி வைத்தது. கோல்பி அதன் சரியில்லாத காலில் ஓர் உதை விட்டு, "எங்கடா போற?" என்றான். டீக்கன் திரும்பி, அவசரப்படாமல், பட்டையைப் பிடித்திருந்த அந்தக் கையை வாயில் வாங்கி, பதின்மூன்று வருடத்தில் முதல் முறையாகக் கடித்தது. நன்றாகவே கடித்தது. எலும்பு முறியும் சத்தம் வண்டிக்குள் இருந்த வெர்னாவுக்கே கேட்டது.

கல்லூரி மணிக்கூண்டில் பன்னிரண்டு அடித்தது. தெருவெங்கும் சாவிகள் கைமாறின. ஜனங்கள் சோபாக்களைத் தூக்கிக்கொண்டு ஒருவரையொருவர் மிதித்தபடி வீடுகளுக்குள் ஓடினார்கள். கோல்பி புல்வெளியில் உருண்டுகொண்டிருந்தான். டீக்கன் போய் வண்டியின் பின்கதவருகே உட்கார்ந்தது.

அர்லோ அதன் வாயைப் பார்த்தான், கோல்பியைப் பார்த்தான், முகம் மலர்ந்தான். படிவத்தில் ஒன்று என்பதை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினான்.

"பத்து நாள் அக்கா. ரெண்டு பேருக்கும். தனித்தனிக் கூண்டா, ஒண்ணாவா?"

"ஒண்ணாவே போடுப்பா," என்றாள் வெர்னா.

அவன் தாழ்ப்பாளைத் திறந்தான். டீக்கனால் ஏற முடியவில்லை. முன்னங்கால்களை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. வெர்னா குனிந்து அதன் அக்குளுக்கடியில் கையைக் கொடுத்து, எண்பத்துநாலு பவுண்டையும் மூச்சைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். பத்து நாளைக்கு அவர்களை யாரும் காலி செய்யச் சொல்ல முடியாது.